உடற்பருமனும் தைராய்டும்: ஒரு மருந்தின் வரலாறு

1891-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்னும் இளம் மருத்துவர், 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். முகம் வீங்கி, தோல் தடித்து, பேச்சும் நடையும் மந்தமாகியிருந்த அப்பெண் சில மாதங்களில் தேறினார். அம்மருந்தின் துணையோடு 1919 வரை வாழ்ந்தார்.

அடுத்த ஆண்டே சுரப்பியை வாய்வழியாகக் கொடுக்கலாம் என்பது தெரிந்தது. நோயாளிகளின் எடை குறைவதைக் கண்ட மருத்துவர்கள், தைராய்டில் குறையே இல்லாத பருமனானவர்களுக்கும் அதைக் கொடுக்கலாயினர். பிழை இங்கேதான் நேர்ந்தது. தைராய்டு குறைபாட்டில் கூடும் எடையில் பெரும்பகுதி உப்பும் நீரும்தான், கொழுப்பு சிறிதளவே. குறைபாடு இல்லாதவர் இம்மருந்தை அதிகமாக உட்கொண்டால் தசை கரையும், இதயம் படபடக்கும். ஆயினும் அமெரிக்காவில் 1960-கள் வரை, ஆம்ஃபெட்டமைனும் தைராய்டும் சேர்ந்த வண்ண வண்ண மாத்திரைகள் எடைக்குறைப்புக்காக விற்கப்பட்டன. மரணங்களுக்குப் பின்னரே, 1968-இல் அந்நாட்டு செனட் சபை இதை விசாரித்தது.

அழற்சியின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. ஃபுகுவோகாவில் பணியாற்றிய ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவில் நிணநீர் அணுக்கள் திரண்டிருப்பதை 1912-இல் ஜெர்மன் மொழியில் விவரித்தார். பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி மருத்துவம் பார்த்த அவர் 1934-இல் மறைந்தார். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956-இல்தான் நிறுவப்பட்டது. தம் பெயரால் ஒரு நோய் உலகெங்கும் அறியப்படும் என்பதை அவர் எண்ணியிருக்க மாட்டார்.

1993-இல் வேறோர் அழற்சி வெளிப்பட்டது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்னும் புரதத்தைச் சுரந்து இன்சுலினின் செயலைத் தடுப்பதாக ஹோட்டமிஸ்லிகில் குழுவினர் காட்டினர். மறு ஆண்டு லெப்டின் கண்டறியப்பட்டது. கொழுப்பணுக்கள் சுரக்கும் இந்த ஹார்மோன், மூளை வழியாக டி.எஸ்.எச். அளவையும் உயர்த்தக்கூடியது. ஆகவே பருமனானவரிடம் டி.எஸ்.எச். சற்றே கூடியிருந்தால், பருமனே அதற்குக் காரணமாக இருக்கலாம். எடை குறைந்ததும் பலருக்கு அது தானே இறங்குகிறது. கொழுப்புத் திசுவின் அழற்சியும் ஹாஷிமோட்டோ கண்ட அழற்சியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர்.

இன்று அமெரிக்காவில் விற்கப்படும் தைராக்சின் மாத்திரைகளின் குறிப்பேட்டில், உடல் எடையைக் குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை கட்டமிட்டு அச்சிடப்படுகிறது.