தோட்டப்பள்ளியில் இல்லாத பிள்ளைகள்

அக்கா மகளுக்கு அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு. வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பழைய தோட்டப்பள்ளி, மொத்தமே முப்பது சொச்சம் பிள்ளைகள். நகரத்துப் பெரிய தமிழ்ப்பள்ளிக்கு அரை மணி நேரம் காரோட்ட வேண்டும். "அங்கதான் தம்பி நல்ல பிள்ளைங்க படிக்கிறாங்க" என்றாள் அக்கா. நல்ல ஆசிரியர்கள், நல்ல கட்டடம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. அந்த 'நல்ல பிள்ளைங்க' மனசில் தங்கிவிட்டது.

தோட்டப்பள்ளி எப்படி வந்தது என்று பார்த்தால் அக்காவின் சொல்லுக்கு ஒரு வரலாறு இருப்பது தெரிகிறது. பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம். தொழிலாளியைத் தோட்டத்திலேயே வைத்திருக்கச் செய்த ஏற்பாடுகளில் பள்ளியும் ஒன்று. பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியே வாத்தியார்.

அந்த வகுப்பில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? பால்மரம் சீவுகிறவர்களின் பிள்ளைகள் மட்டும். அதே தோட்டத்தில் கிராணி வீடு இருந்தது. அங்கே பத்திரிகை வந்தது, ஆங்கிலம் புழங்கியது. ஆனால் கிராணியின் பிள்ளைகள் பெரும்பாலும் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். ஆக, வீட்டில் புத்தகம் உள்ள ஒரு பிள்ளைகூட பக்கத்து நாற்காலியில் இல்லாமல் தலைமுறைகள் படித்தன.

இதன் விலை என்ன என்பதை வேறொரு நாட்டு ஆய்வு சொன்னது. 1964ஆம் ஆண்டு குடிசார் உரிமைகள் சட்டத்தின்படி அமெரிக்க அரசு பள்ளிகளை ஆராயச் சொன்னது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழு சுமார் 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966இல் அறிக்கை தந்தது. கட்டடம், ஆய்வுக்கூடம், நூலகம் ஆகியவற்றின் வேறுபாடுதான் தேர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்று பலரும் எதிர்பார்த்தார்கள். முதலில் நின்றது குடும்பப் பின்னணி. பள்ளி சார்ந்த காரணங்களில் கூடப் படிக்கும் பிள்ளைகளின் பின்னணி கட்டடத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதுவும் ஏழைப் பிள்ளைகளிடம்தான் அதன் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது.

நம் நாட்டில் பேச்சு வேறு திசையில் போனது. 1957இல் தீபகற்பத்தில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; பெரும்பாலானவை தோட்டங்களில். ஆறு வருடம் முடித்த பிள்ளைகள் 'ரிமூவ் கிளாஸ்' போனார்கள். பலர் அதற்குப் பிறகு தாக்குப்பிடிக்கவில்லை. 'தமிழ்ல படிச்சா இப்படித்தான்' என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களில் வசதி இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ஏழ்மைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள தொடர்பை 1973ஆம் ஆண்டு இடைநிற்றல் அறிக்கை எடுத்துச் சொன்ன பிறகும் மொழியின் மேல் விழுந்த பழி முழுதாக நீங்கவில்லை.

நான் படித்தது மின்பொறியியல். இரண்டு சுவிட்சும் எப்போதும் ஒன்றாகவே தட்டப்பட்டால் விளக்கை எது அணைத்தது என்று சொல்ல முடியாது. தோட்டப்பள்ளியில் தமிழும் வறுமையும் அப்படித்தான் சேர்ந்தே இருந்தன.

தோட்டத் துண்டாடலும், பின்னர் வந்த நில மேம்பாடும் மக்களைப் பட்டணத்துக்குத் தள்ளின. சில பள்ளிகள் மூடப்பட்டன, சில தாமான்களுக்கு இடம் மாறின. அங்கே லாரி ஓட்டுநர் பிள்ளையும் ஆசிரியர் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். மொழி மாறவில்லை. அந்த லாரி ஓட்டுநரின் பிள்ளை நான். என் நண்பனின் அம்மா ஆசிரியை. யூபிஎஸ்ஆர் நேரத்தில் அவன் வீட்டில்தான் படித்தேன். படிவம் ஐந்து முடித்தபோது மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். எங்கள் வீட்டில் அன்பு இருந்தது. அந்தத் தகவல் இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் காரோட்டத் தயாராக இருக்கும் பெற்றோரின் பிள்ளை எந்தப் பள்ளியிலும் ஓரளவு தேறிவிடும். ஆக, அங்கே வேலை செய்வது சக மாணவர்களா, வீடா என்று பிரித்துச் சொல்வது கடினம். கோல்மனுக்குப் பிறகு ஆய்வாளர்கள் இன்னமும் இதைப் பற்றி வாதாடுகிறார்கள். ஆனால் எனக்கு வந்து சேர்ந்த அந்தத் தகவல் என் வீட்டிலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி.

இன்று தமிழ்ப்பள்ளிகள் 530க்கு அருகில். அவற்றில் நிறைய, 150 மாணவர்கூட இல்லாத 'குறைந்த மாணவர் பள்ளி'கள். கார் உள்ளவர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். மிஞ்சுவது கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அன்று கிராணி செய்ததை இன்று நாம் செய்கிறோம். ஒரே வித்தியாசம், நாம் தமிழ்ப்பள்ளிக்குள்ளேயே செய்கிறோம். பிறகு கணினி அறை திறந்துவைத்து, சின்னப் பள்ளிக்கு உதவி செய்துவிட்டதாகப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப எம்பிள்ளைய வச்சி பரிசோதனை பண்ணச் சொல்றியா?" என்றாள். என்னிடம் பதிலில்லை. தனியாக ஒரு பிள்ளையை அனுப்புவது பரிசோதனைதான். ஆனால் அவள் தாமானில் அதே வயதில் பிள்ளை உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. எல்லாரும் தனித்தனியாகக் காரோட்டத் தயாராகிறார்கள். அவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம். 1923இல் ஒரு பள்ளி தொடங்கவே 10 பிள்ளைகள் போதுமாக இருந்தது.