இஞ்சியும் வேரும்

சென்ற மாதம் ஒரு சித்த மருத்துவக் கூட்டத்தில் பேசியவர் இஞ்சித் துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "மான்கொம்பு போலக் கிளைத்திருக்கிறது பாருங்கள். அதனால்தான் வடமொழியில் சிருங்கவேரம். அதைத்தான் தமிழர் சிதைத்து இஞ்சி என்றார்கள்" என்றார். அவையும் தலையாட்டியது. வீடு வந்து சேர்ந்தும் எனக்கு மனம் ஆறவில்லை.

சிருங்கம் கொம்பு, வேரம் உடல், ஆகவே கொம்புடல். இதுதான் அவர்கள் பொருள்கோள். பாலி மொழியைப் பார்த்தால் இது நிற்காது. அங்கே கொம்பு 'சிங்க', இஞ்சி 'சிங்கிவேர'. கொம்பிலிருந்து பிறந்த பெயரானால் நடுவில் இகரம் எப்படி வந்தது? விநயபிடகத்து மகாவக்கத்தில் பிக்குகளுக்கு ஒப்புக்கொண்ட வேர்மருந்துகளின் வரிசை ஒன்று உண்டு. மஞ்சளை அடுத்தே சிங்கிவேரம் வருகிறது. பின்னால் வசம்பு, அதிவிடயம் முதலியன. வேர் என்று வகுத்து வைத்த பொருளின் பெயர் ஈற்றிலும் வேர் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? வேர் நம் சொல். இஞ்சி கிழங்குதானே, வேராகுமா என்று தாவரவியல் பேசுவோருக்கு: பெயரிட்டவர்கள் மண்ணிலிருந்து பிடுங்கியவர்கள்.

சகரம் எங்கே போனது? மொழிமுதற் சகரம் கெடுவது தமிழில் பழைய வழக்கம். சிறகு இறகாகும், சிப்பி இப்பியாகும். மொழியியலாளர் பரோ 1947இல் இதற்கென்றே தனிக் கட்டுரை எழுதினார். இகரத்தைச் சார்ந்த ககரம் சகரமாவதும் புதிதன்று. கன்னடத்துக் கிவி நமக்குச் செவி. 'சிங்கி' இவ்வழியே 'இஞ்சி' ஆயிற்று. சகரம் கெடுமுன் வடக்கே போன வடிவம் சிங்கிவேரமாக அங்கே தங்கியது. வடமொழியார் தமக்குத் தெரிந்த சிருங்கத்தை அதில் ஏற்றிக்கொண்டார்கள்.

நிகண்டில் இஞ்சிக்கு நறுமருப்பு என்று பெயர் இருக்கிறதே, மருப்பு கொம்புதானே என்பார்கள். நிகண்டு பிற்காலத்தது. கொம்பு விளக்கம் பரவியபின் செய்த மொழிபெயர்ப்பு அது. மதுரைக்காஞ்சி மலைவளத்தை எண்ணும்போது மஞ்சளோடும் மிளகோடும் சேர்த்து இஞ்சி என்றே சொல்கிறது. மலைபடுகடாம் அது முற்றிக் காரமேறியதையும் சொல்லும்.

தமிழ்ப் பற்றாளர் சிலர் 'இஞ்சுதல்' என்பதிலிருந்து பெறுவார்கள். இஞ்சுதல் சுவறுதல், சாறு சொட்டும் கிழங்குக்கு அது பொருந்தாது. பதிற்றுப்பத்தில் மதிலுக்கு வரும் இஞ்சி வேறு சொல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கடல் கடந்த வடிவங்களிலும் அந்த வேர் அறுபடவில்லை. முதல் நூற்றாண்டில் மருத்துவர் தியோஸ்கொரிதீஸ் எழுதிய கிரேக்கச் சொல் சிங்கிபெரிஸ். ரோமானியர் பிளினி இஞ்சியின் விலை ராத்தலுக்கு 6 தினாரி என்று குறித்து, இது மிளகுக்கொடியின் வேர் அன்று என்றும் திருத்துகிறார். வேர் என்ற எண்ணம் ரோம் வரை போயிருக்கிறது! அரபியில் சஞ்சபீல், குர்ஆனிலும் அச்சொல் உண்டு. ஆலன் ராஸ் 1952இல் இந்த ஒரு சொல்லின் பயணத்துக்கே ஒரு நூல் எழுதினார். போன இஞ்சி அரபியரின் முரப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நம் கடைகளில் இஞ்சி மொரப்பா ஆனது.

என் தாயார் இஞ்சித் தோலைச் சீவாமல் அம்மியில் வைக்கமாட்டார்; இஞ்சிக்குப் புறநஞ்சு என்பது அவர் வாக்கு. சாறு பிழிந்து சற்று நேரம் அசையாமல் வைப்பார். அடியில் வெள்ளையாகப் படியும் மாவை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்துத் தேன் கலப்பார். செரியாமைக்கும் குமட்டலுக்கும் அதுதான் மருந்து. கருவுற்றவர்களின் குமட்டலை இஞ்சி தணிக்கிறது என்பதை இன்றைய மருத்துவ ஆய்வுகளும் ஒப்புகின்றன. துவையல், தொக்கு, மலையாளத்தார் ஓணத்துக்கு வைக்கும் புளியிஞ்சி, தீபாவளி இலேகியம் எல்லாவற்றிலும் அதன் உறைப்பே முன்னிற்கும். காய்ந்து சுக்கானால் காரம் வேறு. பச்சையில் இருக்கும் ஜிஞ்சரால் காயும்போது ஷோகாலாக மாறுகிறது. ஷோகா ஜப்பானியர் இஞ்சிக்கு இட்ட பெயர். ஜிஞ்சராலுக்குள் இருப்பது நம் பெயர்.

இஞ்சியை விதைபோட்டு வளர்ப்பதில்லை. கணுவோடு உடைத்து நடுகிறோம். தானாக முளைத்த காட்டிஞ்சியை எந்த நாட்டிலும் கண்டதில்லை. கைமாறித்தான் அது ஊர் ஊராகப் போயிருக்கிறது; போன இடமெல்லாம் பெயரும் கூடப் போயிருக்கிறது. அதை முதலில் வடக்கே கொடுத்தவர்கள் மேற்குமலைச் சரிவில், தமிழும் மலையாளமும் பிரியாத காலத்தில், சிங்கிவேர் என்று சொல்லியே கொடுத்தார்கள். இதில் எனக்கு ஐயமில்லை.