அணங்கும் அரசும்: தன்பால் விழைவைப் பேசும் அச்சக் கதைகள்

அச்சம் என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், அரசு ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சுட்டுகிறார். பேய்க்கதை என்றவுடன் முதலாவது மட்டுமே நினைவிற்கு வருவது இயல்பு. ஆயின் தன்பால் விழைவைக் கருவாகக் கொண்ட அச்சக் கதைகளையும் இருண்மைப் புனைவுகளையும் ஆராயுமிடத்து, முதலாவதும் நான்காவதும் ஒன்றன் நிழலில் ஒன்று நிற்பதைக் காணமுடிகிறது. இவ்வகைக் கதைகள் வாசகரை ஈர்ப்பதற்கான காரணத்தை இவ்விரண்டின் உறவில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைப்புறத்துப் பேய்கள்

தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் பேய்க்கதை வளம் மிக்கவை. நள்ளிரவில் காளையாகவோ நாயாகவோ உருமாறி வழிப்போக்கரைக் கொல்பவனாகச் சொல்லப்படும் ஒடியன் பாலக்காட்டு வழக்காற்றிற்கு உரியவன். ஒடியன் பறையர் சமூகத்தவனாகவே பெரிதும் சித்திரிக்கப்படுகிறான் என்பது கருதத்தக்கது. பகலில் ஒடுக்கப்பட்டவன் இரவில் அஞ்சப்படுபவனாகிறான். யாரைப் பேயாக்குவது என்பதைச் சமூகமே முடிவு செய்கிறது.

பாலைமரத்தடியில் நின்று சுண்ணாம்பு கேட்கும் யட்சி, கன்னியரைப் பற்றும் கந்தர்வன், இருமருங்கும் வழங்கும் மோகினிப் பேய், கணவனைப் பழிவாங்கும் பழையனூர் நீலி ஆகியோரை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகும். பெண்பேய் ஆணையே நாடுகிறது. ஆண்பேய் பெண்ணையே நாடுகிறது. செத்த பிறகும் இவை ஊர் வகுத்த மணமுறையை மீறுவதில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மலையாற்றூர் இராமகிருஷ்ணன் எழுதிய 'யட்சி' (1967) நாவலில்கூட, முகம் சிதைந்த கல்லூரி ஆசிரியர் தம் மனைவியை யட்சியோ என ஐயுறுகிறார். அந்த ஐயத்தின் வேர் அவருடைய ஆண்மை பற்றிய அச்சத்தில் இருக்கிறது. அந்நாவல் பேயை உளவியலாக மாற்றியது. பேயின் பால்ஒழுங்கை மாற்றவில்லை.

இவ்வொழுங்கை உடைத்த தொடக்ககால ஆக்கங்களுள் குறிப்பிடத்தக்கது அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபனுவின் 'கார்மில்லா'. 1871–72இல் இதழில் தொடராக வெளிவந்து, 1872இல் நூலில் இடம்பெற்ற இக்குறுநாவலில், இரத்தம் குடிக்கும் பெண் லாரா என்னும் இளம்பெண்ணையே நாடுகிறாள். ஸ்டோக்கரின் 'டிராகுலா'வுக்கு (1897) இது ஏறத்தாழ 25 ஆண்டுகள் முந்தியது. வெறுப்பும் ஈர்ப்பும் ஒருங்கே தோன்றுவதை லாராவே கூறுகிறாள். நேரிடையாகச் சொல்ல இயலாத விழைவைப் பேயின் வாயில் வைத்துச் சொல்லிவிட முடிந்தது. கதை முடிவில் பேயைக் கொன்றுவிட்டால் ஒழுக்கமும் காக்கப்பட்டதாகும். இந்த இரட்டை வசதி நெடுங்காலம் இவ்வகைமையின் மூலதனமாக இருந்தது.

சுவரில் அசைந்த யானை

இந்தியச் சூழலில் இப்பொருள் பற்றிய முதன்மைச் சான்று இஸ்மத் சுக்தாயின் உருதுச் சிறுகதை 'லிஹாஃப்' (போர்வை). 1942இல் லாகூரின் 'அதபே லதீஃப்' இதழில் வெளியான இக்கதை பேய்க்கதையாக வகைப்படுத்தப்படுவதில்லை. எனினும் அதன் கட்டுமானம் முழுதும் பேய்க்கதைக்கு உரியது என்பதை ஊன்றிப் படிப்போர் மறுக்கவியலாது. தாயால் பேகம் ஜான் வீட்டில் விடப்படும் ஒரு சிறுமி இரவில் விழிக்கிறாள். பேகத்தின் போர்வை அசைகிறது. அதன் நிழல் சுவரில் யானையாகப் புடைத்து ஆடுகிறது. சிறுமி நடுங்குகிறாள், குரல் கொடுக்கிறாள், உறங்கும்படி சொல்லப்படுகிறாள். போர்வைக்குள் பேகத்துடன் இருப்பவள் பணிப்பெண் ரப்பு என்பது வாசகருக்குப் புரிகிறது, சிறுமிக்குப் புரிவதில்லை. இறுதியில் விளக்கைப் போட்டுக் கண்டதை அவள் சொல்ல மறுப்பதோடு கதை முடிகிறது.

பேகம் ஜானின் கணவராகிய நவாப் இளைஞர்களிடமே நாட்டம் உடையவர். மனைவியை வீட்டுப் பொருள்களுள் ஒன்றாக வைத்து மறந்துவிடுகிறார். ஆகவே அவ்வீட்டில் இரு தன்பால் விழைவுகள் உள்ளன; ஒன்று வெளிமுற்றத்தில் கொடை என்ற பெயரில் உலவுகிறது, மற்றொன்று போர்வைக்குள் யானையாகிறது. அச்சம் விழைவிலிருந்து பிறக்கவில்லை. பூட்டிய வீட்டிலிருந்தே பிறக்கிறது எனலாம். அதே வேளையில், ரப்பு இல்லாத நாளில் பேகம் சிறுமியை அணைக்கும் பகுதியை மென்மையாக்கிப் படிப்பதும் தகாது. அங்குச் சிறுமி கொள்ளும் அச்சம் உண்மையான அச்சம். தன்பால் விழைவையும் சிறாருக்கு நேரும் தீங்கையும் ஒன்றாக்கிக் காட்டும் பழைய பழிச்சொல்லுக்கு இப்பகுதி இடம் தருகிறது என்னும் குற்றச்சாட்டைப் புறந்தள்ள முடியாது. இக்கதையின் வலிமையும் இடறலும் ஒரே இடத்தில் உள்ளன.

அரசு எழுப்பிய அச்சம் இதன்பின் வந்தது. ஆபாச வழக்கில் 1940களின் நடுவில் லாகூர் நீதிமன்றத்தில் சுக்தாய் நின்றார். 'பூ' என்னும் கதைக்காகச் சாதத் ஹசன் மண்ட்டோவும் உடன் நின்றார். கதையில் ஆபாசமான சொல் எது என்பதைத் தக்கவாறு காட்ட இயலாமல் வழக்கு தள்ளுபடியானது. யானையின் நிழலை எந்தச் சட்டப்பிரிவில் அடக்குவது? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவில் உடற்செயலைக் குற்றமாக்கியிருந்தது. நிழலுக்கு அதில் இடமில்லை. அச்சக்கதையின் மொழி எழுத்தாளருக்குத் தரும் காப்பு இதுவே.

காஞ்சனையின் இரவு

தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை இவ்வரிசையில் வைத்துப் படிக்கும் முயற்சி பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். 1943இல் வெளியான தொகுதிக்குப் பெயரளித்த இக்கதையில், வீடு தேடி வரும் பிச்சைக்காரப் பெண்ணை மனைவி பணிக்கு அமர்த்துகிறாள். அவள் சொல்லும் கதைகளில் மனைவி மயங்குகிறாள். எழுத்தாளனாகிய கணவன் இரவில் விழித்துக் காவல் இருக்கிறான். மனைவியின் கழுத்தில் கடிபட்ட தடம் தோன்றுகிறது. கார்மில்லாவின் அமைப்போடு இது நெருங்கி நிற்பது வெளிப்படை. புதுமைப்பித்தன் அயல்நாட்டுக் கதைகளை மிகுதியாகப் படித்தவர், மொழிபெயர்த்தவர் என்பதும் அறிந்ததே. எனினும் நேரடித் தாக்கம் என்று நிறுவுவதற்கு இந்த ஒற்றுமை மட்டும் போதாது. காஞ்சனை தன்பால் விழைவுக் கதை என்று துணிவதும் மிகை. இரு பெண்களின் நெருக்கத்திற்கு வெளியே நிறுத்தப்பட்ட கணவனின் கலக்கமே கதையின் அச்சத்தை இயக்குகிறது என்ற அளவில் நின்றுகொள்வது தகும். அவனுக்கு விளங்காத ஒன்று அவன் வீட்டிற்குள்ளேயே நடக்கிறது.

பேய் கட்டிய மாளிகை

மேற்சொன்ன கதைகளில் அச்சுறுத்துவது பேய். இராஜஸ்தானி மொழி எழுத்தாளர் விஜயதான் தேதாவின் (1926–2013) 'தோரி ஜூண்' கதையில் அச்சுறுத்துவது ஊர். அடைக்கலம் தருவது பேய். நாட்டார் கதைகளைத் திரட்டி 'பாதாம் ரி புல்வாரி' என்னும் பெருந்தொகுதியாக வடித்து, அதற்காக 1974இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர் தேதா. பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மணம் பேசிய இரு வணிகர்களுக்கும் பெண்களே பிறக்கின்றனர். வரதட்சிணை ஆசையால் ஒருவர் தம் மகளை ஆணாக வளர்த்து மணம் முடிக்கிறார். முதலிரவில் உண்மை தெரிந்தபின்னும் இருவரும் பிரிய விரும்புவதில்லை. ஊர் சீறுகிறது. அவர்கள் பேய்கள் குடியிருக்கும் இடத்தில் தஞ்சமடைய, பேய்களின் தலைவன் மாளிகை கட்டித் தருகிறான்.

அதன்பின் நிகழ்வதே கதையின் உயிர்நாடி. பீஜா ஆணாக விரும்புகிறாள். பேயின் அருளால் ஆணாகிறாள். ஆணானவுடன் அதிகாரமும் உடைமையுணர்வும் உடன் வந்து சேர்கின்றன; தீஜா துன்புறுகிறாள். ஒடியனைப் போல உருமாற்றமே இங்கும் கொடுமைக்கு வாயிலாகிறது, ஆனால் காளையாக அன்று, கணவனாக. பெண் கணவனுடைய உருவில் வந்த பேயை ஏற்கும் தேதாவின் மற்றொரு கதையாகிய 'துவிதா' 1973இலும் (மணி கௌல்), 2005இலும் ('பஹேலி') திரைப்படமாயிற்று. 'தோரி ஜூண்' மேடையேறியது. அந்த அளவு பரவவில்லை. பேய் ஆண்பெண் ஒழுங்கிற்குள் நிற்கும்போது சந்தைக்கு எளிதாகிறது போலும்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவைப் பொறுத்தவரை 377ஆம் பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தொல்காப்பியர் சொன்ன நான்காவது நிலைக்களன் அந்த அளவில் விலகியது. தேதாவின் கதையிலோ பீஜா தவறுணர்ந்து மீண்டும் பெண்ணாகிறாள், தீஜாவுடன் வாழ்கிறாள். ஊருக்கு அவர்கள் திரும்புவதில்லை. பேய்த்தலைவன் கட்டிய மாளிகையிலேயே விளக்கு எரிகிறது.