துறையில்தான் கோபம்

எங்கள் அப்பப்பாவுக்குத் திருகோணமலை டொக்யாட்டில் வேலை. கப்பலின் வயிற்றோரம் பலகையில் தொங்கிக்கொண்டு துரு சுரண்டிப் பெயின்ற் அடிக்கிறவர். 1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் வந்தபோது பெயின்ற் வாளியைக் கடலில் எறிந்துவிட்டு ஓடினாராம். சீனன்குடாவில் எண்ணெய்க் குதமொன்று எரிந்த புகையை நாட்கணக்கில் பார்த்ததாகச் சொல்வார்.

"யப்பான்காரனுக்கு எங்களில என்ன கோவம், அப்பப்பா?"

"எங்களில இல்லையடா, துறையில."

அந்தக் கோபம் பழையது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் கொந்தளிக்கும். 18ஆம் நூற்றாண்டில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது; திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களைப் புயல் கரையில் மோதி உடைத்துவிடும். ஆகவே மழைக்காலம் நெருங்கினால் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் பம்பாய்க்குப் போய்விடும். கிழக்குக் கரை காவலின்றிக் கிடக்கும். எங்கள் உள்துறைமுகமோ குன்றுகள் சூழ்ந்த ஆழ்நீர். எந்தக் காற்றுக்கும் அங்கே ஒதுங்கலாம்.

1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்து பறித்தார். சமாதானம் பேசியபின் ஒல்லாந்தருக்கே திரும்பியது. 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டுக்குள் புகுந்தது. இனித் திருகோணமலையும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்து ஆங்கிலேயர் முந்திக்கொண்டனர். வந்தவர்களை இழுத்து வந்தது ஆசை மட்டுமல்ல. மற்றவன் வந்துவிடுவானே என்ற பயமும்தான்.

இலங்கை சுதந்திரம் பெற்ற பின்பும் பிரித்தானியக் கடற்படை போகவில்லை. 1947இல் செய்த பாதுகாப்பு உடன்படிக்கை அதற்கு இடம் கொடுத்தது. 1957 ஒக்டோபரில், பண்டாரநாயக்கா பிரதமராக இருந்தபோது, தளம் இலங்கையிடம் வந்தது. ஊருக்குப் பெருமை. அப்பப்பாவுக்கு வேலை போனது.

அமெரிக்கா இங்கே கால் ஊன்றிவிடும் என்ற சந்தேகம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் டில்லியை அரித்தது. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பந்தத்தோடு கடிதங்களும் பரிமாறிக்கொண்டனர். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைகளையோ எந்த நாட்டின் படைத்தேவைக்கும் கொடுப்பதில்லை என்பது அதில் ஒரு வரி. சீனன்குடா எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் சேர்ந்து திருத்தி நடத்தும் என்பது இன்னொன்று.

பேப்பரை மூக்குக்கண்ணாடிக்கு நெருக்கி வைத்து அப்பப்பா இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் பாவிக்கக் கூடாதெண்டு வடிவாச் சொல்லியிருக்கு. ஆர் பாவிக்கப் போகினம்?"

2022 ஜனவரியில் 99 குதங்களையும் பங்கிட்டார்கள்: இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு 61. செய்தியை நான் வாசித்த நாளில் அப்பப்பா இல்லை. சீனன்குடாப் பற்றைக்குள் குதங்கள் பலவும் வெறும் வயிற்றோடு நின்றன. அவர் கண்டிருந்தால் துருவைத்தான் முதலில் பார்த்திருப்பார்.