காத்தும் வெயிலும் கூட்டணி வச்சா...

"காத்தாடிய நம்பி நாட்டுக்கே கரண்டு கொடுக்க முடியுமா?"ன்னு கேக்கறவங்களுக்காக ஒரு குட்டி வரலாறு.

1986ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் மின்வாரியம் சோதனையாகக் காற்றாலைகளை நட்டது. அப்புறம் முப்பந்தல், கயத்தாறு என்று தனியார்களும் இறங்கினார்கள். ஆனா காத்துக்கு சீசன் உண்டு மக்களே: மே முதல் செப்டம்பர் வரைதான் ஜோர். 2012ல் சீசன் முடிஞ்சதும் எங்க ஆவூர் மாதிரி ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்டு கிடையாது. வடக்கேயிருந்து வாங்கலாம்னா போதுமான லைன் இல்லை. தென்மாநில கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31ல், ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத்தான்.

2016ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. காத்து ஓய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் வெயில் பின்னி எடுக்கும். ஆடியில் சூரியன் இறங்கின பிறகும் காத்தாடி சுத்தும். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்குது. ரெண்டுக்கும் ஒரே லைன் போதும் என்பதுதான் 2018ல் மத்திய அரசு கொண்டுவந்த காற்று-சூரிய கலப்புக் கொள்கையின் சூட்சுமம்.

சரி, ஐப்பசி அடைமழை ராத்திரி? வெயிலும் இல்ல, காத்தும் இல்ல. அதுக்குத்தான் மிச்ச கரண்டில் தண்ணியை மேலே ஏத்தி, வேணும்போது இறக்கி எடுக்கும் காடம்பாறை மாதிரி நிலையங்கள். அங்கே இருப்பது 400 மெகாவாட்தான். காத்தாடியும் பேனலும் நட்ட வேகத்தை இனி சேமிப்பில் காட்டணும். இல்லேன்னா 2012 மறுபடி வரும்.