டவுன்ஸ்வியூவில் ஒரு கோடை நாள்

2003இல் சார்ஸ் நோயால் கனடாவில் 44 பேர் இறந்தார்கள். ரொறன்ரோவுக்குப் பயணம் செய்வதைத் தவிர்க்கும்படி ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஹோட்டல்கள் வெறிச்சோடின, அங்கே சமையலறைகளில் நின்ற நம்மவர்களுக்கும் வேலை குறைந்தது.

நகரத்தை மீண்டும் நிமிர்த்த, யூலை 30இல் டவுன்ஸ்வியூ பூங்காவில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் பாடினார்கள். இந்நாட்டின் றஷ் குழுவும் வாசித்தது. ஏறக்குறைய நான்கரை இலட்சம் சனம். ஊரில் ஒலிநாடாவில் கேட்ட மிக் ஜகரின் குரலை அன்று நேரிலே கேட்டேன். ஆள் எறும்பளவுதான் தெரிந்தார்.

வெட்டவெளியில் சனம் திரண்டால் இடம்பெயர்வு அல்லது சுற்றிவளைப்பு என்றே பழகியவர்கள் நாங்கள். கோயில் திருவிழா மேடைகளுக்குப் பிறகு, பயமில்லாமல் கூட்டத்தில் நின்றது அன்றுதான். இந்த நகரம் எழுந்த நாளில் நாமும் அங்கே நின்றோம். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.