பிழை வரம்பு

கருத்துக்கணிப்பு முடிவுகளோடு 'கூடவோ குறையவோ 3 சதவீதப் புள்ளி' என்று ஒட்டிவரும் குறிப்பே பிழை வரம்பு. கணிப்பு இதற்கு மேல் தவறாது என்ற உத்தரவாதமாகவே பலரும் இதை வாசிக்கிறார்கள். அது சொல்வதோ அதைவிட மிகக் குறைவு. எல்லோரையும் கேட்காமல், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் கேட்பதால் நேரும் தற்செயல் விலகலை மட்டுமே அது அளக்கிறது. 1,000 பேரிடம் கேட்டதில் ஒரு கட்சிக்கு 50 சதவீத ஆதரவு என்றால், வரம்பு சுமார் 3.1 புள்ளி. இதே முறையில் 100 கணிப்புகள் எடுத்தால், ஏறத்தாழ 95-இல் உண்மை நிலை அந்த எல்லைக்குள் அடங்கும். மீதி ஐந்து வெளியே போவதும் கணக்கில் சேர்ந்ததுதான். வரம்பைப் பாதியாக்க 2,000 பேர் போதாது, 4,000 பேர் வேண்டும்.

ஆளைக் கூட்டிக்கொண்டே போனால் பிழை தீராதா என்று கேட்கலாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகள் வந்தன. வேட்பாளர்களில் லேண்டன் வெல்வார் என்றது இதழ். ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். சூத்திரப்படி பார்த்தால் அந்தக் கணிப்பின் வரம்பு 0.1 புள்ளிகூட இல்லை. தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததிலும், மனமிருந்தவர் மட்டும் பதில் போட்டதிலும் வந்த கோளாறு அது. எந்தச் சூத்திரத்திலும் சிக்காது. அப்படியானால் இந்த எண் வெறும் அலங்காரமா? அதுவும் இல்லை. 1,000 பேர் கணிப்பில் 41-க்கு 39 என ஒருவர் முந்தினால், அந்த இடைவெளிக்கான வரம்பு சுமார் 5.5 புள்ளி. 'முன்னிலை' என்று தலைப்பிட அங்கே இடமே இல்லை.